குழம்பு மஞ்சளும் டப்பா மஞ்சளும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. போன வருடம் இடது சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று சொல்லி அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிவதால் 'சுனிடினிப்' என்ற மருந்து கொடுக்கிறார்கள். நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இரண்டு சுற்று முடிந்தது. வாய்ப்புண், பேதி, உள்ளங்கை எரிச்சல் என்று அவதிப்படுகிறார். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தாற்போல் இருக்கிறது. அத்தை பார்த்துவிட்டு, "இது காமாலைடி, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடு" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறான். முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கிரீன் டீ, திராட்சை, பிராக்கோலி எல்லாமே சிறுநீரகப் புற்று செல்லைக் கொல்வதாக ஆராய்ச்சிக் கட்டுரைகளையே நெட்டில் பார்த்தேன். எங்கள் டாக்டரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று பயம். இதில் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கதையைப் பிறகு பார்க்கலாம்.

அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்து விழியின் வெள்ளையைப் பாருங்கள். சுனிடினிப் மருந்தின் நிறமே ஆரஞ்சு கலந்த மஞ்சள். அது தோலில் ஏறிப் பலருக்கு மஞ்சள் பூசிக் குளித்தது போன்ற நிறம் வரும். அப்போது விழி வெளுப்பாகவே இருக்கும். மருந்தை நிறுத்தினால் நிறமும் மங்கிவிடும். முடியிலும் இந்த மருந்து கைவரிசை காட்டும். மருந்து வாரங்களில் வளர்ந்த பகுதி நரைத்தும், ஓய்வு வாரங்களில் வளர்ந்த பகுதி கறுத்தும் ஒரே முடியில் பட்டை பட்டையாக இருப்பதைச் சிலரிடம் பார்க்கலாம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

விழியும் மஞ்சளாக இருந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் கதை வேறு. சுனிடினிப்புக்குக் கல்லீரலைக் கெடுக்கும் குணம் உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். அப்படியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழி வெளுப்பாக இருந்தாலும், தோல் நிறம் மாறியதை டாக்டருக்குச் சொல்லி, கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். அதுவரை கீழாநெல்லி வேண்டாம். 'ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம்' என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பயம்.

அத்தையின் கீழாநெல்லி லேசுப்பட்ட மூலிகை இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைட்டிஸ்-பி கிருமியைச் சுமந்திருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஓர் ஆய்வில் தெரிந்தது அடுத்த ஆய்விலும் தெரிந்தால்தான் மருத்துவத்தில் அதற்கு மதிப்பு. நீங்கள் நெட்டில் பார்த்த கட்டுரைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான உறவுக்காரச் செடி ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கீழாநெல்லி, நெல்லி எல்லாம் 'ஃபைலாந்தஸ்' என்ற பேரினம். அதே பேரினத்தைச் சேர்ந்த 'ஃபைலாந்தஸ் எங்லேரி' என்ற தான்சானியச் செடியின் பட்டையிலிருந்து 'எங்லரின்-ஏ' என்ற பொருளை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் பிரித்து 2009-ல் அறிவித்தார்கள். பல உறுப்புகளின் புற்று செல்களை வரிசையாக வைத்து இதை ஊற்றிப் பார்த்தபோது, சிறுநீரகப் புற்று செல்களை மட்டும் தேடிப்பிடித்துக் கொன்றது. அதுவும் மிகமிகக் குறைந்த அளவில். பல வேதியியல் கூடங்கள் அதைச் செயற்கையாகத் தயாரிக்க இறங்கின. 2015 வாக்கில் அது வேலை செய்யும் விதம் பிடிபட்டது: செல்லின் சவ்வில் இருக்கும் சில வாயில்களைத் திறந்துவிட்டு, கால்சியத்தை உள்ளே பாயவைத்துக் கொல்கிறது. வம்பு என்னவென்றால் அதே வாயில்கள் உடம்பில் வேறு இடங்களிலும் இருக்கின்றன. ஊசியில் போட்டால் எலிகளே செத்தன. வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் ஏறவே இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் அத்தனை அழகாக வேலை செய்த பொருள் அங்கேயே நின்றது. நம் வீட்டுக் கீழாநெல்லியில் இந்த எங்லரின் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் நம்பாதீர்கள். பேரினம் ஒன்று, செடி வேறு.

இனி மஞ்சள். சித்தப்பா மகன் படித்துவிட்டு அனுப்பிய கட்டுரைகள் பொய்யல்ல. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் சிறுநீரகப் புற்று செல்மீது குர்குமினை ஊற்றினால் சாகும். வெங்காயத்தின் குவெர்செட்டின், திராட்சைத் தோலின் ரெஸ்வெராட்ரால், சோயாவின் ஜெனிஸ்டைன் இவையும் ஏதோ ஓர் அளவில் கொல்லும். அந்த 'ஓர் அளவு' எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம்.

உங்கள் அடுப்படியிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கான குழம்பில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போடுகிறீர்கள். ஒரு கிராம்கூட இராது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 100-க்கு 3 பங்கு. ஆக 30 மில்லிகிராமுக்குள், தலைக்கு ஏழோ எட்டோ மில்லிகிராம். டப்பாவில் இருக்கும் கேப்சூல் பெரும்பாலும் 500 மில்லிகிராம். அறுபது தட்டுக்கு மேல் சோற்றுக் குழம்பு ஒரே விழுங்கில் உள்ளே போகிறது. தைவானில் 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் வரை குர்குமின் கொடுத்தார்கள். அதாவது கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள். அவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. தட்டில் செல்லைக் கொல்ல ஊற்றுவதோ பெரும்பாலும் 10, 20, 40 மைக்ரோமோலார். குடலும் கல்லீரலும் சேர்ந்து குர்குமினை வந்த வழியே அனுப்பிவிடுகின்றன. குழம்பு மஞ்சள் காலங்காலமாக நமக்குத் தீங்கு செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தடையை உடைக்கத்தான் மிளகுச் சத்து. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்காகிறது என்று காட்டினார்கள். டப்பாமேல் '2,000 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் இருக்குமே, அது இந்த ஆய்விலிருந்து வந்தது. ஒன்றுமே இல்லாததற்குப் பக்கமான அளவை 20-ஆல் பெருக்கியிருக்கிறார்கள் என்பதை டப்பா சொல்லாது.

பைப்பரின் எப்படி அதைச் செய்கிறது? குடல் சுவரிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதிகள் இருக்கின்றன. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மாதிரி, யார் உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பவை. பைப்பரின் அந்தத் தாத்தாவைத் தூங்கவைக்கிறது. குர்குமின் நழுவி உள்ளே போகிறது. அதே வாசல் வழியாகத்தான் அப்பாவின் சுனிடினிப்பும் போயாக வேண்டும். அதை உடைப்பது சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி. பைப்பரின் மட்டுப்படுத்துவதும் அதையே. வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும் சுனிடினிப் அளவு, இந்த நொதி ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பிப் போட்ட கணக்கு. தாத்தா தூங்கினால் ரத்தத்தில் மருந்து கூடலாம். வாய்ப்புண்ணும் பேதியும் கை எரிச்சலும் அதோடு கூடும். டாக்டர் காரணம் தெரியாமல் நல்ல மருந்தின் அளவைக் குறைப்பார். இதே காரணத்துக்காகத்தான் கிரேப்ஃப்ரூட் கூடாது என்கிறார்கள். நம் ஊர்ப் பம்ளிமாஸ் கிரேப்ஃப்ரூட்டின் தாய்வழிப் பழம். அதையும் தவிர்த்துவிடுங்கள்.

டப்பா மஞ்சள் கல்லீரலையும் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வாளர்கள், மஞ்சள் சத்து மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரின் விவரத்தை 2022-ல் தொகுத்தார்கள். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது அரிது என்பது உண்மை. ஆனால் அப்பா ஏற்கெனவே கல்லீரலைத் தொடும் மருந்தில் இருக்கிறார். நாளைக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறினால் எது காரணம் என்று யாரால் சொல்ல முடியும்? டப்பாவை மூடிவையுங்கள். குழம்பில் மஞ்சள் எப்போதும் போல் இருக்கட்டும். மிளகு ரசமும் வழக்கமான அளவில் இருக்கட்டும். மருந்து என்று நினைத்து மூன்று வேளை மிளகுக் கஷாயம் வைக்காதீர்கள்.

கிரீன் டீயில் கோளாறு தலைகீழ். அதில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் சுனிடினிப்போடு ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரள்கிறது. எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறும் சுனிடினிப் குறைந்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள். அங்கே மருந்து மிகுதியாகும் பயம், இங்கே மருந்தே வீணாகும் பயம். சுனிடினிப் நாள்களில் கிரீன் டீ வேண்டாம்.

முள்சீத்தாவின் 'பத்தாயிரம் மடங்கு' தட்டில் செய்த ஒரே ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு உலகம் சுற்றும் வதந்தி. அந்தச் செடியில் இருக்கும் அனோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கெடுக்கக் கூடியது. கரீபியனில் இருக்கும் குவாடலூப் தீவில் முள்சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் மிகுதியாக இருந்ததை 1999-ல் மருத்துவர்கள் கவனித்தார்கள். இலைக் கஷாயத்தைத் தொடாதீர்கள்.

திராட்சை தாராளமாகச் சாப்பிடலாம். ரெஸ்வெராட்ரால் மாத்திரை மட்டும் கூடாது. தினம் 5 கிராம் ரெஸ்வெராட்ராலை ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் பரிசோதித்தார்கள். சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்க, 2010-ல் ஆய்வு நின்றது. உங்கள் அப்பாவிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம்.

பிராக்கோலிக்கு மட்டும் கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லலாம். அதிலும் முட்டைக்கோஸ், முள்ளங்கி போன்ற அதன் உறவுகளிலும், காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ சல்ஃபோரஃபேன் போன்ற காரமான பொருள்கள் உருவாகின்றன. எவரோலிமஸ் என்ற மருந்துக்கு அடங்காமல் போன சிறுநீரகப் புற்று செல்களைச் சல்ஃபோரஃபேன் மறுபடி மட்டுப்படுத்தியதை ஜெர்மனியில் ஒரு குழு காட்டியது. அதுவும் தட்டில்தான். சுவையான சேதி ஒன்று: வேகவைத்தால் சல்ஃபோரஃபேனை உருவாக்கும் நொதி செத்துவிடும். அதே நொதி கடுகிலும் இருப்பதால், வெந்த பிராக்கோலிமேல் பச்சைக் கடுகுத்தூள் ஒரு கிராம் தூவினால் உடம்பில் சேரும் சல்ஃபோரஃபேன் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் மனிதர்களிடமே அளந்தார்கள். எண்ணெயில் வெடித்த தாளிப்புக் கடுகில் அந்த நொதி மிஞ்சாது. அப்பாவின் வாய்ப்புண் ஆறிய பிறகு ருசிக்காகச் செய்து கொடுங்கள், சிகிச்சைக்காக வேண்டாம்.

"செடிதானே, என்ன செய்துவிடும்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போனது. ஒரு சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோகியா என்ற இன்னொன்று கலந்திருந்தது. பின்னால் அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்று இருந்தது. ருமேனிய நாட்டவரின் சிறுநீரகப் புற்றுக் கட்டிகளின் மரபணுவில் அதே நஞ்சின் தழும்பு இருப்பதை 2014-ல் கண்டார்கள். நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி என்று சொல்கிறோமே, அவை இரண்டும் அரிஸ்டலோகியாதான். ஆடே தீண்டாத செடியை ஒற்றைச் சிறுநீரகக்காரர் தீண்ட வேண்டாம்.

அப்படியானால் செடியில் புற்றுநோய்க்கு மருந்தே கிடையாதா? உண்டு. உங்கள் தெருவிலேயே பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றும் முன்னணி மருந்து. அதே செடியின் வின்பிளாஸ்டினைச் சிறுநீரகப் புற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், வின்பிளாஸ்டின் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. மற்றப் புற்றுகளை வீழ்த்தும் கீமோவுக்கெல்லாம் சிறுநீரகப் புற்று பெரும்பாலும் அசைந்து கொடுக்காது.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. இந்த நோயின் மிகப் பரவலான வகையில் வி.எச்.எல். என்ற மரபணு கெட்டுப்போயிருக்கும். அது கெட்டால், மூச்சுத் திணறுவதாக செல் தவறாக நினைத்துக்கொண்டு 'ரத்தக் குழாய் கொண்டா' என்று ஓயாமல் சைகை அனுப்பும். செல் ஆக்ஸிஜனை உணரும் இந்த விதத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல். சுனிடினிப் அந்தச் சைகை போய்ச் சேராமல் தடுக்கிறது. 750 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அன்றைய வழக்கமான இன்டர்ஃபெரான், மறு பிரிவுக்குச் சுனிடினிப் கொடுத்தார்கள். நோய் மேலும் வளராமல் நின்ற காலம் 5 மாதத்திலிருந்து 11 மாதமாகக் கூடியது. 2007-ல் அந்த முடிவு வெளியானது. தட்டு, எலி, பிறகு சில பேர், பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் என்று அப்பாவின் கையில் இருக்கும் கேப்சூல் ஏறி வந்த ஏணி அது. சிறுநீரகப் புற்றுக்குச் சிகிச்சை என்று, நாம் சாப்பிடும் செடியிலிருந்து எடுத்த எந்தப் பொருளும் இந்த ஏணியின் கடைசிப் படியை ஏறியதில்லை.

இனி சமையலறை. வாய்ப்புண் இருக்கும்வரை காரம், புளி, சூடு மூன்றையும் குறையுங்கள். குழைந்த சாதம், இட்லி, அவித்த முட்டை, மணத்தக்காளிக் கீரைக் கூட்டு எல்லாம் நல்லது. வாய்ப்புண்ணுக்கு அதிமதுரம் மெல்லக் கொடுப்பார்கள். அது மட்டும் கூடாது. அதிமதுரம் ரத்தக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சுனிடினிப்பும் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற மருந்து. இதயத் துடிப்பின் லயத்தையும் தொடும். பேதியில் ஏற்கெனவே பொட்டாசியம் இறங்கியிருக்கும். அதிமதுரமும் இந்த மருந்தும் சேர்வது நல்லதல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பையும் ரத்தக் கொதிப்பை நினைத்துத்தான் குறைக்கச் சொல்கிறேன். கீரை ஜூஸ், பிலிம்பிக்காய் ஜூஸ், நட்சத்திரப்பழ ஜூஸ் என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கும் வைத்தியத்தையும் ஒதுக்குங்கள்; அவற்றின் ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் போய்ப் படியும். இளநீர் பற்றிக் கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகளைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

டாக்டர் திட்டுவார் என்ற பயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். இதே நோய், இதே மருந்து. ஒவ்வொரு முறையும் பேதி தாங்காமல் மருந்தளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றால், "ஒண்ணுமில்லீங்க" என்பார். ஒருநாள் அவர் மனைவி மஞ்சப்பை ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார். குர்குமின், கற்றாழைச் சாறு, லேபிள் இல்லாத பச்சைப் பொடி என்று ஏழு டப்பா உருண்டன. "அதெல்லாம் மருந்தில்லீங்களே டாக்டர், சத்துதானே" என்றார் பெரியவர். நான் கேட்ட கேள்வியே தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. அதிலிருந்து யார் வந்தாலும், "அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு வாங்க" என்றுதான் சொல்கிறேன்.

நீங்களும் அப்படியே போங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் பெயர், அளவு, நேரம் எழுதி நீட்டுங்கள். சித்த மருத்துவரிடம் காட்டுவதாக இருந்தால் அவரிடமும் சுனிடினிப் பெயரை எழுதிக் கொடுங்கள்.

அத்தையிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னதில் பாதி சரி. கீழாநெல்லியை விட்டுவிட்டு, புளிக்காத மோரை நன்றாகத் தண்ணீர் விட்டு, உப்பை மட்டாகப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். புண்ணான வாய்க்கும் பேதியில் வற்றிய உடம்புக்கும் இப்போது அதுதான் வேண்டும்.